கணக்கில் வராத கிராணி

திருவண்ணாமலை என்றதும் தமிழுலகம் அருணாசலத்தையும் கார்த்திகைத் தீபத்தையும் நினைக்கும். எங்கள் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்னொரு திருவண்ணாமலை உண்டு. திருவில்லிபுத்தூருக்கு அருகே குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் நின்றருளும் ஊர் அது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுப்புறத்து ஊர்களெல்லாம் அங்குத் திரளும். இக்கட்டுரை பேசப்போகும் நிகழ்ச்சிகள் பெரிய திருவண்ணாமலையைத் தன்னுள் கொண்டிருந்த பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் நிகழ்ந்தவை. ஆயினும் அவற்றைத் தேடிச் செல்ல நம்மைத் தூண்டியது எங்கள் சிறிய திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு ஒன்றே.

"அந்தப் பேதிக்குப் பிறகு வயிறு வயிறா இல்லை" என்பது அப்பேச்சு.

பேதி மூன்று நாளிலோ ஐந்து நாளிலோ நின்றுவிட்டிருக்கும். காய்ச்சலும் போயிருக்கும். ஆனால் அன்று முதல் உண்டு முடித்ததும் வயிறு இரையும், உப்பும், பிசையும். வெளியேறினால் சற்றுத் தணியும். ஒரு வாரம் இளகியும் மறுவாரம் இறுகியும் போகும். எடை குறைவதில்லை, குருதி போவதில்லை. மருத்துவர் செய்யும் சோதனைகள் யாவும் நலமென்றே சொல்லும். சொல்லிக்கொள்ளவும் கூசும் இத்தொல்லையோடு விசைத்தறியை விட்டு நகர முடியாத தொழிலாளி எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். தேர்வு மண்டபத்தில் கதவோரத்து இருக்கை கேட்கும் மாணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். காரணம் கேட்டால் தலை குனிந்துகொள்வர். சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நாடெங்கும் போகிறது. கட்டுப்போடக்கூடிய புண்ணுக்கு ஊரார் இரக்கம் உடனே கிடைக்கும். இந்த வயிற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் "எல்லாம் மனப்பிரமை" என்ற தீர்ப்புத்தான்.

இதனை இன்றைய மருத்துவம் ஐ.பி.எஸ். என்ற மூன்றெழுத்தால் சுட்டும். குடலின் கட்டமைப்பில் கண்ணுக்குத் தெரியும் பழுது ஏதுமின்றி, அதன் இயக்கமும் உணர்ச்சியும் நிலைகுலைந்து நிற்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அவ்வாறு நிலைகுலைய ஒரு தொற்றே தொடக்கமாகலாம், அத்தொற்று நச்சுயிரியாலும் வரலாம் என்பது இன்று ஐயத்திற்கு அப்பாற்பட்டது. இம்முடிவை மருத்துவ உலகம் எவ்வளவு சுற்றி வந்து அடைந்தது என்பதுதான் நாம் சொல்ல விரும்பும் வரலாறு.

சொல்லிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்து முதியோர் நாள்பட்ட வயிற்றுப்போக்கைக் 'கிராணி' என்பர். வடமொழிக் 'கிரஹணி'யே தமிழில் இவ்வடிவு கொண்டது. பற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. உண்ட உணவைச் செரிக்கும் வரை பற்றி வைத்துக்கொள்ளும் உறுப்பு கிரஹணி. அவ்வுறுப்பு பற்றாமல் விட்டுவிடுவதால் வரும் நோய்க்கும் அதுவே பெயராயிற்று. சரகர் இந்நோய்க்குத் தனி இயல் ஒதுக்கினார். சுசுருதர் அதனை அதிசாரத்தை, அதாவது கடும் வயிற்றுப்போக்கை, விரித்துரைக்கும் இடத்திலேயே சேர்த்தார். அவர் சொல்லும் காரணம் கருதத்தக்கது: வயிற்றுப்போக்கு நின்ற பின்னரும் செரிமானத்தீ மந்தப்பட்டிருக்கும் ஒருவன் ஒவ்வாதன உண்டால், கெட்ட அத்தீ மேலும் கெட்டுக் கிரஹணியைக் கெடுக்கும் என்கிறார். நோய் போனபின் வரும் நோய் என்ற கருத்து அங்கே தெளிவாக இருக்கிறது. சித்த மருத்துவமும் கழிச்சல், கிராணி, குன்மம் எனப் பிரித்தே பேசுகிறது. வீட்டு அடுக்களையில் மோரும் மாதுளையோடும் சுண்டை வற்றலும் இதற்கென்றே இருந்தன. பழைய நூல்களில் இன்றைய அறிவியல் முழுவதும் இருக்கிறது என்று வாதிடும் கூட்டத்தில் நாம் இல்லை. நுண்ணுயிர் என்ற ஒன்றை அவர்கள் அறியார். ஆனால் நோயாளி சொன்ன வரலாற்றைச் செவிகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் செவி பின்னாளில் எங்கே போயிற்று? ஆங்கிலேயர் காலத்துப் பொதுச் சுகாதாரப் பதிவுகளில் வாந்திபேதிச் சாவுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருக்கும். பிழைத்து எழுந்தவர் பிறகு எப்படி உண்டார், எப்படி வேலைக்குப் போனார் என்பதற்கு அப்பதிவேடுகளில் பத்தி கிடையாது. கொள்ளைநோய் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் சாவின் வரலாறுதான்.

பிழைத்தவர் வயிற்றைப் பற்றி ஐரோப்பிய மருத்துவர் எழுதத் தொடங்கியது தம்மவர் வயிறு கெட்டபோது. பார்படோஸ் தீவில் மருத்துவராயிருந்த வில்லியம் ஹில்லரி, 1759இல் வெளியிட்ட நூலில், வாய்ப்புண்ணும் ஓயாத வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கூடிய ஒரு நோயை விவரித்தார். 1880இல் சீனத்து அமோய் துறைமுகத்திலிருந்து பேட்ரிக் மேன்சனும், சாவாவிலிருந்து வான் டெர் பர்க் என்ற டச்சு மருத்துவரும் அதே நோயைப் பற்றி எழுத, வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து 'ஸ்ப்ரூ' என்ற பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய, பர்மிய முனைகளில் இருந்த படைவீரரிடமும், இந்தியாவில் சிறைவைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளிடமும் இந்நோய் பெருகியது. 1946இல் இந்தியாவில் கண்ட 600 நோயாளிகளைப் பற்றிய ஆய்வே வெளிவந்தது. ஆனாலும் இது வெப்பநாட்டிற்கு வந்த வெள்ளையரின் நோய் என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே நோயுற்றவனுக்குப் பாடநூலில் இடமில்லை.

அந்த எண்ணத்தைக் கலைத்த பெருமை வேலூருக்கு உரியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும், அவரோடு இணைந்த வி. ஐ. மாத்தன், மின்னி மாத்தன் ஆகியோரும் வெல்கம் அறக்கட்டளை உதவிபெற்ற ஆய்வுப் பிரிவில் தென்னிந்தியக் கிராமத்தாரின் குடலையே ஆய்வுப் பொருளாக்கினர். 1960களின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒருவகை வயிற்றுப்போக்கு பரவியது. முதலில் வழக்கமான பேதி போலத்தான் வந்தது. ஆனால் வாந்திபேதியைப் போல ஓரிரு வாரத்தில் ஊரைச் சூறையாடிவிட்டுப் போகவில்லை. வீடுவீடாக, மெதுவாக, மாதக்கணக்கில் நகர்ந்தது. குழந்தைகளைவிடப் பெரியவர்களை மிகுதியாகப் பிடித்தது. பிடிபட்டோரில் ஒரு பகுதியினருக்கு மாதங்கள் கடந்தும் போக்கு நிற்கவில்லை. உண்ட கொழுப்பு செரியாமல் வெளியேறியது. நாக்கு புண்ணாகி, குருதி வற்றி, உடல் நைந்தது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் படுத்தனர். அதே காலத்தில் பிற ஊர்களில் வந்த வேறு பேதிகள் சில நாளில் அடங்கித் தடயமின்றிப் போயின.

மருத்துவர்கள் ஊருக்குள் சென்று வீடுவீடாக நோயின் வரலாற்றைக் குறித்தனர். யாருக்கு முதலில் வந்தது, யாருக்கு எத்தனை நாள் நீடித்தது, யாருக்கு மீண்டும் வந்தது என்ற கணக்கு அது. அவர்களின் கட்டுரைகள் 1968 முதல் வெளிவந்தன. சாவை மட்டும் எண்ணாமல், நின்றுபோன பேதிக்கும் நிற்காத பேதிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிய முன்னோடிக் கணக்கு எனலாம். மருந்தும் ஓரளவு கையில் இருந்தது. ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் குருதியை மீட்டன. டெட்ராசைக்ளின் பலருக்குப் பயன்பட்டது.

குடலை உள்ளே சென்று பார்க்க அக்காலத்தில் ஒரு கருவி வாய்த்திருந்தது. வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் 1957இல் அறிமுகப்படுத்திய சிறு உலோகக் கூடு அது. மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தி விழுங்கச் செய்வர். சிறுகுடலை அடைந்ததும் குழாய்வழியே காற்றை உறிஞ்சினால், கூட்டுக்குள் இருக்கும் கத்தி சுழன்று குடற்படலத்தின் துணுக்கு ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளும். இவ்வாறு பெற்ற துணுக்குகளில் வேலூர் ஆய்வாளர் கண்டது எதிர்பாராதது. நோயாளியின் குடலுறிஞ்சிகள் சிதைந்திருந்ததில் வியப்பில்லை. நோயே இல்லை என்று சொன்ன கிராமத்தாரின் குடலுறிஞ்சிகளும் மேனாட்டுப் பாடநூல் காட்டும் விரல் வடிவில் இல்லை. பல இலை வடிவிலும் வரப்பு வடிவிலும் இருந்தன. நலத்திற்கும் நோய்க்கும் இடையே அவர்கள் நினைத்திருந்த கோடு அங்கே இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் டாக்காவில் பணியாற்றிய அமெரிக்க அமைதிப்படைத் தொண்டரின் குடலிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்து, அவர்கள் நாடு திரும்பிய பின் மெல்ல மறைந்ததை லிண்டன்பாம் குழுவினர் கண்டனர். எனவே இது இனத்தின் இயல்பன்று, வாழிடத்தின் வடு. சூழலில் ஓயாது வந்துபோகும் நுண்ணுயிர்களே காரணமாதல் வேண்டும்.

எந்த நுண்ணுயிர்? இங்கேதான் நச்சுயிரி கதைக்குள் வருகிறது. பரவிய விதத்தைப் பார்த்தால் தொற்றென்பது தெளிவு. ஆனால் அறிந்த பாக்டீரியா எதுவும் பொருந்தவில்லை. உலகெங்கும் அப்போது இதே தேடல் நடந்தது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் 1968இல் பரவிய வாந்திபேதியின் மாதிரியில், 1972இல் ஆல்பர்ட் கபிகியன் ஒரு நச்சுயிரியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இன்று நோரோ எனப்படும் இனம் அது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடற்படலத்தில் ரோட்டா நச்சுயிரியைக் கண்டனர். 1975இல் வேலூர்க் குழுவும் 'லான்செட்' இதழில் தன் கண்டுபிடிப்பை எழுதிற்று: மனித மலத்தில் பல வடிவங்கொண்ட, விளிம்பில் முனைகள் நீட்டிய, நச்சுயிரி போன்ற துகள்கள். கொரோனா இனத்தை ஒத்தவை அவை! நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அச்சொல் எங்கள் தெருவரை வரும் என்று அன்று யார் கண்டது?

ஆனால் அதே துகள்கள் நலமாயிருந்த கிராமத்தாரிடமும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆகவே அவற்றின்மீது பழி சுமத்த இயலவில்லை. குற்றவாளி அகப்படாமலே 1960களில் கண்டதுபோன்ற பரவல்கள் அருகின. தூய நீரும் பரவலான நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடும் காரணமென மருத்துவர் கருதுவர். வேலூரார் அத்துகள்களை வைத்து எளிதாகப் பெயர் தேடியிருக்கலாம். நலமானவரின் மாதிரியையும் பார்த்து, ஐயத்தை ஐயமாகவே பதிவு செய்தார்கள். நம் துறையில் கல்வெட்டு படிப்போர் பலருக்கும் அந்த நேர்மை வேண்டும் என்று அடிக்கடி தோன்றுவதுண்டு.

ஸ்ப்ரூவும் ஐ.பி.எஸ்.ஸும் ஒன்றல்ல. முன்னதில் குடல் உணவை உறிஞ்சாது, உடல் மெலியும், சோதனையில் பழுது தெரியும். பின்னதில் அவை இல்லை. எனினும் ஒரு தொற்று நீங்கிய பின்னரும் குடல் பழைய நிலைக்குத் திரும்பாமை இரண்டுக்கும் பொது. இலக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய உதய் சந்த் கோஷல் போன்றோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்தே பேசியுள்ளனர்.

வடஆர்க்காட்டில் இவை நிகழ்ந்துகொண்டிருந்த 1962இல், ஆக்ஸ்போர்டில் சவுத்ரி, ட்ரூலவ் என்ற இருவர் 130 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தனர். சோதனையில் ஒன்றும் தெரியாத அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தம் தொல்லை ஒரு கடுப்புப் பேதியோடு தொடங்கியதாகச் சொன்னார்கள். அவர்கள் மற்றவரைவிட விரைவில் தேறினர் என்பதும் குறிப்பிடப்பட்டது. ஆயினும் நரம்புத் தளர்ச்சி, மனக்கலக்கம் என்ற விளக்கங்களின் ஆட்சி மேலும் பல்லாண்டு நீடித்தது.

அதைத் தளர்த்தியது கனடாவின் வாக்கர்டன் என்னும் சிற்றூர். 2000 மே மாதம் அவ்வூர்க் குடிநீரில் பாக்டீரியா கலந்து, ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். அரசு அம்மக்களைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தது. ஜான் மார்ஷல் குழுவினர் கண்டது: மருத்துவச் சான்றோடு நோயுற்றவரில் 36 விழுக்காட்டினருக்கும், நோயுறாதவரில் 10 விழுக்காட்டினருக்கும் ஐ.பி.எஸ். அறிகுறிகள் தோன்றின. எட்டாண்டு கழித்தும் வேறுபாடு மறையவில்லை. 45 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வந்த தொகுப்பு, குடல் தொற்றுக்கு ஆளானோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது நேர்வதாகவும், தொற்றாதவரைவிட நான்கு மடங்கு வாய்ப்பு மிகுதி எனவும் கணித்தது.

வாக்கர்டன் பாக்டீரியாவின் கதை. நச்சுயிரியின் கதை சற்று மாறுபட்டது. கனடாவிலேயே ஒரு மாநாட்டு உணவால் நோரோ வகையினது எனக் கருதப்பட்ட பேதி பரவியது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில் நோயுற்றவரில் நான்கில் ஒருவருக்கு ஐ.பி.எஸ்.; நோயுறாதவரில் மிகச் சிலருக்கே. ஆனால் ஆறாம் மாதத்திலிருந்து இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நச்சுயிரி குடற்படலத்தை ஆழமாகப் புண்ணாக்குவதில்லை, எனவே அதன் தழும்பும் விரைவில் ஆறும் என்று முடிவு கட்டினர். 2009இல் இத்தாலியின் கார்தா ஏரிக்கரை ஊர் ஒன்றில் குடிநீர்வழி நோரோ பரவியபோது அம்முடிவு ஆட்டங்கண்டது. ஓராண்டு கழித்தும் நோயுற்றவரில் ஐந்தில் ஒருவர் தேறவில்லை. நச்சுயிரிப் பேதி பெரும்பாலோரை விட்டுவிடும், சிலரை விடாது என்ற அளவில் கொள்வதே சரி. ஏற்கெனவே இத்தொல்லை உள்ளவருக்குப் புதிதாக ஒரு தொற்று வந்தால், அடங்கியிருந்தது மீண்டும் கிளர்வதும் மருத்துவர் அறிந்ததே.

உள்ளே என்னதான் நேர்கிறது? உடலிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. குடற்படலத்தின் தனிவகைச் செல்கள் அதைச் சுரந்து, குடலை அசையவும் நரம்புக்குச் செய்தி அனுப்பவும் செய்கின்றன. நாட்டிங்ஹாமின் ராபின் ஸ்பில்லர் குழு 2000இல், தொற்று நீங்கி ஓராண்டு கடந்தும் அச்செல்களும் சில வெள்ளணுக்களும் மிகுந்தே இருந்ததைக் காட்டியது. ரோட்டா நச்சுயிரி அச்செல்களையே தாக்கிச் செரட்டோனினை வெளியிடச் செய்து, நரம்புவழி மூளையின் வாந்தி மையத்தைத் தட்டுகிறது என்று 2011இல் சுவீடன் ஆய்வாளர் கண்டனர். "ஒன்றுமில்லை" என்ற சோதனை முடிவு, இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காததன் விளைவு.

உணவு ஒவ்வாமை பற்றியும் ஒரு சொல். பாலைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பது. ரோட்டாவும் நோரோவும் அந்நுனியைத்தான் மழிக்கின்றன. பேதிக்குப் பிறகு சில வாரம் பால் ஆகாமற்போவது அதனால்தான். பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஊரில் பிறந்து அதைத் தொட அஞ்சுவோரை நாம் கேலி செய்வதற்கில்லை. இதனினும் ஆழ்ந்த செய்தி 2021இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குக் குடல் தொற்று உண்டாக்கி, அதே வேளையில் முட்டைப் புரதம் ஊட்டினர். தொற்று நீங்கிய பிறகு, அதே புரதம் உள்ளே போனபோதெல்லாம் எலியின் குடல் வலித்தது. அதுவரை நட்பாயிருந்த உணவைத் தொற்றோடு சேர்த்துப் பகையெனக் குடல் பதிந்துகொண்டது. அவர்கள் ஊட்டியது பாக்டீரியாவை. நச்சுயிரிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று இப்போதே சொல்லிவிடலாகாது. ஐ.பி.எஸ். உள்ள பன்னிருவர் குடலில் கோதுமை, சோயா, பால் முதலியவற்றின் சாரத்தைச் செலுத்திப் பார்க்க, பன்னிருவருக்கும் ஏதேனும் ஒன்றிற்கு அவ்விடத்தில் எதிர்வினை எழுந்தது. ஒவ்வாதன உண்டால் கிரஹணி கெடும் என்ற பழைய வாக்கியத்தை இதனோடு வைத்துப் படிக்கும் ஆசையை அடக்குவது கடினம்.

மனத்திற்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஷெஃபீல்டில் க்வீ என்பாரும் உடனாய்வாளரும் 1990களில் கண்டபடி, தொற்று வந்த காலத்தில் வாழ்வில் இடர் மிகுந்திருந்தோர்க்கே பின்விளைவு நீடிக்கும் வாய்ப்பு மிகுதி. கடன், வேலையிழப்பு, சாவு வீடு ஆகியவற்றின் நடுவே வரும் பேதி வேறு. அமைதியான நாளில் வரும் பேதி வேறு. இதை 'மனப்பிரமை' என்பதன் சான்றாகக் கொள்வோர் அவ்வாய்வைப் பாதிதான் படித்தவர்கள். அதே நோயாளிகளின் குடலில் அழற்சியின் எச்சமும் இருந்ததை அக்குழு காட்டியிருந்தது.

கோவிட் வந்தபோது அந்நச்சுயிரி பற்றும் ஏற்பி குடலிலும் நிறைய உண்டு என்பது பேசப்பட்டது. கோஷல் குழுவினர் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கோவிட் கண்ட 280 பேரை ஆறு மாதம் தொடர்ந்தனர். ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினருக்குப் புதிதாக ஐ.பி.எஸ். தோன்றியது, வேறு சிலருக்கு மேல்வயிற்றுச் செரியாமை. சிறிய எண்தான். ஆனால் கோடிக்கணக்கானோர்க்கு வந்த நோயில் ஐந்து விழுக்காடு என்பது எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வடஆர்க்காடு 1989இல் பிரிந்தது. பெரிய திருவண்ணாமலை தனி மாவட்டத் தலைநகராயிற்று. பேக்கர் குழுவினர் நடந்த ஊர்களைத் தேடுவோர் இன்று பல மாவட்டங்களின் வரைபடங்களைப் புரட்ட வேண்டும். வேலூர் ஆய்வகமோ தொடர்ந்தது. ககன்தீப் காங் அங்கே ரோட்டாவைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் 1980களில் கிடைத்த நச்சுயிரி வகையிலிருந்து உருவான உள்நாட்டுத் தடுப்புமருந்தின் ஆய்வு, தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வாழ்வின் முதலாண்டில் கடும் ரோட்டாப் பேதியைப் பாதிக்குச் சற்று மேலாக அது தடுத்தது. 2017இல் தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் அச்சொட்டு மருந்து சேர்ந்தது. அதை முதலில் விழுங்கிய பிள்ளைகள் இப்போது பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வயிற்றின் கணக்கை எழுதப்போகிறவர் யாரென்று இனித்தான் தெரியும்.